எந்த வாழ்க்கைக்குத் திரும்புகிறாள்?



மார்பகப் புற்றுநோயாளரின் வாழ்க்கைத் தரமும் பண்பாடும் என்பது இன்றைய உரையின் பொருள். இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், ஒரு நாட்டுப் பெண்கள் இன்னொரு நாட்டுப் பெண்களைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். கடைசிப் பத்தியில், 'இதற்குப் பண்பாட்டுக் காரணங்கள் இருக்கலாம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவ சமூகப் பணியாளராக வேலை பார்த்தவள் நான். பஸ் காசு இல்லாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டவளைக்கூடப் பண்பாட்டுக் கணக்கில் எழுதி மூடிய கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஊராரின் வழக்கம் நிஜமாகவே வதைத்த பெண்ணின் கோப்பில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான்: இந்தப் பெண் குணமாகி எந்த வாழ்க்கைக்குத் திரும்பப் போகிறாள் என்று நாம் கேட்பதில்லை.

சில எண்களைச் சொல்லிவிட்டுச் சீக்கிரம் நகர்ந்துவிடுகிறேன். 2022இல் உலகில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 6,70,000 பேர் இறந்தார்கள். இந்தியாவில் அதே ஆண்டில் புதிய நோயாளிகள் சுமார் 1,92,000 பேர், இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். 2010 முதல் 2014 வரை நோய் கண்டறியப்பட்டவர்களை நாடுவாரியாக ஒப்பிட்ட கான்கார்ட் ஆய்வில், ஐந்தாண்டு உயிர்வாழ்வு அமெரிக்காவில் 90 சதவீதம், இந்தியாவில் 66 சதவீதம். இடைவெளி பெரிதுதான். ஆனால் மூவரில் இருவர் பிழைக்கிறார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. பிழைத்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டே ஆகவேண்டிய இடத்துக்கு நாமும் வந்துவிட்டோம்.

கேட்பதற்குக் கருவிகள் உண்டு. புற்றுநோய் ஆய்வுக்கும் சிகிச்சைக்குமான ஐரோப்பிய அமைப்பு 1993இல் 30 கேள்விகள் கொண்ட ஒரு வினாநிரலை வெளியிட்டது. 1996இல் மார்பகப் புற்றுநோய்க்கென்று 23 கேள்விகளைத் தனியாகச் சேர்த்தது. உலகெங்கும் ஏராளமான ஆய்வுகள் இவற்றை வைத்துத்தான் நடக்கின்றன. தமிழிலும் இவை இருக்கின்றன. அதே காலத்தில் உலக சுகாதார நிறுவனம் வேறொரு வழியில் போனது. வாழ்க்கைத் தரம் என்பது ஒருவர் தம் பண்பாட்டுக்கும் மதிப்பீடுகளுக்கும் உள்ளே நின்று, தம் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் வைத்துத் தம் நிலையை எப்படி உணர்கிறார் என்பதே என்று அது வரையறுத்தது. ஓர் ஊரில் கேள்வி எழுதிப் பல ஊருக்கு அனுப்பாமல், 15 மையங்களில் ஒரே சமயத்தில் மக்களிடம் பேசிக் கேள்விகளைத் திரட்டியது. டோக்கியோ, ஹராரே, பாங்காக், பாரிஸ், டெல்லி ஆகியவற்றோடு அந்தப் பதினைந்தில் மதராஸும் ஒன்று. நம் மாணவர்களில் பலருக்கு இது தெரியாது என்பதால் சொல்கிறேன்.

இப்போது அந்த ஐரோப்பிய வினாநிரலைச் சற்றுக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் கேள்வியே கடினமான வேலைகளைப் பற்றியது. கனமான கடைப் பையையோ பயணப் பெட்டியையோ தூக்கச் சிரமமாக இருக்கிறதா என்று கேட்கிறது. ஆம்ஸ்டர்டாமில் இது சரியான கேள்வி. தருமபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் பெண்ணிடம் கேட்டால், "பெட்டியெல்லாம் நான் எங்கம்மா தூக்கப் போறேன்" என்பாள். 'சிரமமே இல்லை' என்ற கட்டத்தில் குறி விழும். அவளுக்கு அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்திருப்பார்கள். கை வீங்க ஆரம்பித்திருக்கும், வளையல் ஏறாது. அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அதில் கீறல் படக் கூடாது, ஊசி போடக் கூடாது என்று சொல்லி அனுப்புவோம். அவள் வேலையோ கரும்புச் சோகை உரிப்பது, நாற்று நடுவது, மாட்டுக்குப் புல் அறுத்துச் சுமப்பது. கீறல் படாமல் சோகை உரிக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அவள் இழந்தது கூலி. வினாநிரல் தேடியது கடைப் பை.

பணத்தைப் பற்றி அந்த முப்பதில் ஒரே ஒரு கேள்வி, 28ஆவது. நோயாலோ சிகிச்சையாலோ பணக் கஷ்டம் வந்ததா என்பது. அரசாங்கம் சிகிச்சைச் செலவை ஏற்கும் நாடுகளில் அதற்கு ஒரு கேள்வி போதும் என்று நினைத்திருக்கலாம். நம்மிடமும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அறுவைச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் கை கொடுக்கிறது. கூட வரும் கணவனுக்குப் போன கூலியையும், பக்கத்து வீட்டில் விட்டுவந்த ஆட்டையும் எந்தத் திட்டத்தில் சேர்ப்பது?

யார் பதில் சொல்கிறார்கள் என்பதும் இருக்கிறது. புறநோயாளிப் பிரிவின் தாழ்வாரத்தை நினைத்துப் பாருங்கள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மகன் கையில் பேனா. "நான் படிச்சுச் சொல்றேன், நீ சொல்லும்மா" என்று தொடங்குவான். பசி, தூக்கம், வாந்தி வரைக்கும் தடையில்லாமல் போகும். பிறகு தாம்பத்தியம் பற்றிய கேள்விகள் வரும். மார்பக வினாநிரலில் அப்படிச் சில இருக்கின்றன. தம்பி காகிதத்தைத் திருப்புவான், அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டான், மூன்று கட்டத்திலும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவான். கணினியில் அது தரவாக ஏறும். ஆய்வாளர், இந்நாட்டு நோயாளிகளுக்குப் பாலுறவில் நாட்டம் குறைவு என்று எழுதுவார். அமெரிக்கர்களின் இன்னொரு வினாநிரலில், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் குறிக்கத் தனியாக ஒரு கட்டமே உண்டு. ஆக, கூச்சம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. அந்த அம்மாவை ஒரு பெண் செவிலியர் தனியே அழைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டால் அழுதுகொண்டே சொல்வார். "அவரு இப்ப திண்ணையில படுக்கிறாரும்மா" என்பார். எத்தனையோ பேர் அதை அதே வார்த்தைகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உடம்புக்கு வருவோம். மார்பு போன பிறகு எந்த இடத்தில் வலிக்கிறது என்பது ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்டுக்கு 1978இல் ஒரு மார்பை எடுத்தார்கள். 1980இல் 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' என்ற நூலில் அதை எழுதினார். ஆஸ்பத்திரியிலேயே ஒரு தன்னார்வலர் ஆட்டுக் கம்பளி அடைத்த, வெளிர் இளஞ்சிவப்பு நிறப் பொய் மார்பைக் கொண்டுவந்து கொடுத்தார். லார்டு கறுப்பினப் பெண். அந்த நிறம் அவருடைய உடம்பில் எங்குமே இல்லை. பிறகு தையல் பிரிக்க மருத்துவரிடம் போனபோது அதை அணியாமல் போனார். அங்கிருந்த செவிலியர், இப்படி வந்தால் இந்த இடத்தின் மன உறுதியே குலையும், இங்கே வரும்போதாவது அணிந்து வாருங்கள் என்றார். லார்டுக்கு வந்த கோபம் அந்த நூல் முழுக்க ஓடுகிறது. வெட்டியது போதாதென்று வெட்டியதையும் மறைக்கச் சொல்கிறார்களே என்பது அவர் வாதம். நம் ஊரில் முந்தானை அந்த மறைப்பு வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. அதனால் தமிழ்ப் பெண்ணுக்கு உடல் தோற்றக் கவலை குறைவு என்று எழுதியவர்கள் உண்டு. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் நாளை அவர்கள் பார்த்ததில்லை. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தால் ஒரு பக்கம் தொங்கும். புது அளவு எடுக்கச் சொன்னால் டெய்லருக்குத் தெரிந்துவிடும். டெய்லருக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். சொந்த ஊர் டெய்லரை விட்டுவிட்டு, இரண்டு ஊர் தள்ளிப் போய்த் தைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

தலைமுடியும் அப்படித்தான். முடி கொட்டியதா, கொட்டியது வருத்தமாக இருந்ததா என்று இரண்டு கேள்விகள் உண்டு. மேலை நாட்டுக்காரர் விக் வாங்குவார். நம் பெண்களுக்கு விக்கைவிடப் பழைய வழி ஒன்று இருக்கிறது. முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் சீப்போடு முடி கொத்தாக வரும்போது, சமயபுரத்துக்கோ பழனிக்கோ போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். யார் கேட்டாலும் வேண்டுதல் என்று சொல்லலாம். கௌரவமான பதில், யாரும் மேற்கொண்டு துருவ மாட்டார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. பண்பாடு ஒரு பெண்ணுக்கு ஒதுங்க இடம் கொடுப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. நாலாவது ஐந்தாவது கீமோவில் புருவமும் இமைமுடியும் கொட்டும். அதை எந்தச் சாமியின் கணக்கிலும் எழுத முடியாது. கல்யாண வீடுகளுக்குப் போவதைப் பெண்கள் நிறுத்துவது அப்போதுதான்.

பண்பாடு எது, வசதிக் குறைவு எது என்று பிரித்துப் பார்க்க, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நடந்த ஆய்வுகளை இங்கே சொல்ல வேண்டும். கிம்லின் ஆஷிங்-கிவாவும் அவருடைய குழுவினரும் 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கறுப்பின, ஆசிய, லத்தீன், வெள்ளையினப் பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோரைக் குழுக்களாகப் பேசவிட்டுக் கேட்டது அது. நோய் திரும்பி வருமோ என்ற பயம், பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற கவலை, குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டோமே என்ற எண்ணம், உடம்பைப் பற்றிய வருத்தம் என்று எல்லாத் தரப்பிலும் பொதுவாக வந்தவை ஏராளம். கடவுள் நம்பிக்கைதான் தங்களைத் தாங்கியது என்றும் பலர் சொன்னார்கள். காப்பீடு, செலவு, மருத்துவர் ஒதுக்கும் நேரம், மொழித் தடை, வீட்டாருக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்ள வேண்டும் என்ற வளர்ப்பு ஆகியவை கூடுதல் பாரமாக வந்தன. 2007இல் அதே குழு 703 பெண்களை வைத்து இன்னொரு கட்டுரை வெளியிட்டது. அங்கே லத்தீன் பெண்களின் மதிப்பெண் தாழ்ந்திருந்தது. ஆனால் அன்றாட வாழ்க்கைச் சுமை, பொருளாதார நிலை போன்றவற்றுக்கு அதில் இருந்த பங்கைப் பார்க்காமல் இனத்தை மட்டும் வைத்து அதை விளக்கிவிட முடியாது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு இந்த நோய் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது. இறப்பு விகிதமோ சுமார் 40 சதவீதம் அதிகம். இதைப் பண்பாடு என்று எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

நம் பக்கத்திலிருந்து இதற்கு நேரான ஓர் எடுத்துக்காட்டு. மார்பு முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்தால் உயிர்வாழ்வு அதே அளவுதான் என்பதை மிலானில் உம்பெர்தோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் 1980களிலேயே காட்டினார்கள். 2002இல் வெளிவந்த 20 ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் அதை உறுதிசெய்தது. அப்படியிருந்தும், மார்பைக் காப்பாற்றும் அறுவை நம்மிடம் மேலை நாடுகளைவிடக் குறைவு. நோய் முற்றி வருவது ஒரு காரணம். முற்றாமல் வருபவர்களிலும் பலர், "முழுசா எடுத்துடுங்கம்மா" என்றே சொல்வார்கள். இந்தியப் பெண்களுக்கு, அதுவும் பிள்ளை பெற்று முடித்த பெண்களுக்கு, மார்பு பெரிய விஷயமில்லை என்று இதற்கு ஒரு வியாக்கியானம் கேட்டிருக்கிறேன். கதிர்வீச்சை நம் நோயாளிகள் 'கரண்டு வைப்பது' என்பார்கள். பழைய முறையில் 25 தடவை வைக்க வேண்டும், ஐந்து வாரம். வீட்டை விட்டு ஐந்து வாரம் நகரத்தில் தங்க வேண்டும். கட்டியை மட்டும் எடுத்தால் கரண்டு கட்டாயம்; முழுவதும் எடுத்தால், நோய் தொடக்க நிலையில் இருக்கும் பலருக்கு அது தேவைப்படாது. அவள் கொடுத்த விலை மார்பு, வாங்கியது ஐந்து வாரம். அந்தக் கணக்கை அவள் மனத்துக்குள் போட்டு முடித்திருப்பாள், நமக்கு முடிவு மட்டும்தான் கேட்கும். இந்த ஐந்து வாரத்தை மூன்று வாரமாகக் குறைத்து வெகுநாளாயிற்று. 2020இல் பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு ஒரே வாரத்தில் ஐந்து தடவை போதும் என்று காட்டியது. எல்லோருக்கும் அது பொருந்தாது என்றாலும், பொருந்துகிறவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கட்டும். நம் பெண்களின் 'பண்பாடு' எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்று தெரியும்.

இப்படிச் சொல்வதால் பண்பாடே பொய் என்று நான் வாதாடுவதாக நினைக்க வேண்டாம். பணத்தால் தீராத துயரங்கள் இருக்கின்றன. கல்யாண வயதில் பெண் உள்ள ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் நேரடியாகப் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான். ஜாதகம் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை. 'அம்மாவுக்கு அந்த நோயாம்' என்ற ஒரு பேச்சு போதும். ஆகவே கர்ப்பப்பை ஆபரேஷன் என்று ஊரில் சொல்லிவிட்டு மார்பு ஆபரேஷனுக்கு வருவார்கள். பிரிட்டனில் வாழும் தெற்காசியப் பெண்களிடமும் இதே மறைப்பு, இதே காரணத்துக்காக இருப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே சிகிச்சை இலவசம், ஆஸ்பத்திரி பக்கத்தில். அப்படியும் இந்தப் பயம் கடல் தாண்டிப் போயிருக்கிறது. உங்கள் எதிர்கால உடல்நிலையை நினைத்துக் கவலைப்பட்டீர்களா என்று வினாநிரல் கேட்கிறது. அவள் கவலைப்படும் எதிர்காலம் அவளுடையது இல்லை.

பண்பாடு என்றால் ஆசியர், ஆப்பிரிக்கரின் சொத்து என்றொரு எண்ணமும் இருக்கிறது. 1992இல் தொடங்கிய இளஞ்சிவப்பு ரிப்பன் இயக்கத்தைப் பாருங்கள். சிரித்துக்கொண்டே போராட வேண்டும், நோய் தன்னை மேம்பட்ட மனுஷியாக்கியது என்று சொல்ல வேண்டும். பார்பரா எஹ்ரென்ரைக் தமக்கு இந்த நோய் வந்தபோது அந்தக் கட்டாயச் சிரிப்பைத் தாள முடியாமல் 2001இல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படிக்கும்போது ஒன்று தோன்றியது. நம் பெண் 'எல்லாம் தலையெழுத்து' என்றால் அதை விதிவாதம் என்று கோடு போட்டுக் குறிக்கிறோம். அமெரிக்கப் பெண் 'நான் ஜெயிப்பேன்' என்றால் அதை மனநலம் என்கிறோம். இரண்டும் அந்தந்த ஊர் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

இவ்வளவும் இருக்க, நாடுகளின் சராசரி மதிப்பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிசைப்படுத்துவது பூக்காரம்மாக்களின் முழத்தை ஒப்பிடுவது போல. கை வேறு, முழம் வேறு. போதாக்குறைக்கு அந்தக் கையும் போகப் போக மாறும். மிர்யம் ஸ்ப்ராங்கர்ஸும் கரோலின் ஷ்வார்ட்ஸும் 1999இல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள்: நோயோடு வாழ வாழ, நல்ல வாழ்க்கை எது என்பதற்கு ஒருவர் வைத்திருக்கும் அளவே நகர்ந்துவிடுகிறது. ஐரோப்பிய வினாநிரலின் அந்த முப்பதில் கடைசிக் கேள்வியில் ஏழுக்கு ஐந்து போடும் பெண், 'பிழைத்தேனே, அதுவே போதும்' என்று போடுகிறாளா, நிஜமாகவே நன்றாக இருந்து போடுகிறாளா என்பது அந்த ஐந்தில் தெரியாது. அடையாறு புற்றுநோய் நிறுவனத்து உளவியல் துறையினர் நம் நோயாளிகளை வைத்தே ஒரு வினாநிரலை உருவாக்கி 2005இல் வெளியிட்டார்கள். நம் ஆய்வு மாணவர்கள் அதைத் தேடிப் படிக்காமல் ஐரோப்பியப் பட்டியலை நகலெடுக்கப் போவது எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

மதிப்பெண்ணை விட்டுவிட்டு, எது நின்றுபோனது என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானைச் சொல்லலாம். அங்கே வெந்நீர் ஊற்றுக் குளியல் பெண்களுக்குப் பெரிய சந்தோஷம். அம்மா, மகள், தோழிகள் எல்லோரும் ஆடையின்றிச் சேர்ந்து குளிப்பது வழக்கம். மார்பை இழந்த பெண்கள் பலர் அந்தக் குளியல் பயணங்களை விட்டுவிட்டார்கள். எந்த ஐரோப்பியக் கேள்வித்தாளும் இதைக் கேட்காது. தாமும் அந்த அறுவைக்கு ஆளான வாட் தகாகோ என்பவர் 1978இல் தொடங்கிய அகேபோனோ-காய் என்ற நோயாளிகள் சங்கம் அங்கே இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட விஷயங்களில் ஒன்று இது. 2012இல் விடுதிக்காரர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை அமைத்தார்கள். உடம்பு கழுவும் இடங்களுக்கு நடுவே தடுப்பு வைத்தார்கள், மார்பை மூடிக்கொண்டே நீரில் இறங்கத் தோதான குளியல் ஆடையை அனுமதித்தார்கள். அடுத்த ஆண்டு, மார்பைச் செயற்கைப் பொருள் வைத்துச் சீரமைக்கும் அறுவையும் அங்கே பொதுக் காப்பீட்டுக்குள் வந்தது. குளிக்கும் வழக்கத்தை யாரும் மாற்றவில்லை, பெண்களைத் துணிச்சலாக இருங்கள் என்று உபதேசிக்கவும் இல்லை. நடுவில் ஒரு பலகை.

அடுத்த பருவத்தில் களப்பணிக்குப் போகும் மாணவியரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அச்சடித்த தாளைக் கொடுப்பதற்கு முன்னால், நோய் வருவதற்கு முந்தைய ஒரு சாதாரண நாளைச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தக் கையால் என்ன தூக்கினார், யாரோடு உட்கார்ந்து பேசினார், எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனார் என்று கேளுங்கள். அதில் இப்போது எது நின்றுபோயிருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூட வந்த மகனை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள். 28ஆவது கேள்வியை முதலில் கேளுங்கள். பஸ் செலவு எவ்வளவு, கூலி எத்தனை நாள் போயிற்று என்று தொகையாகவே வாங்குங்கள். கையில் அந்தத் தொகை இருந்தால்தான், உங்கள் ஆய்வேட்டின் கடைசிப் பத்தியில் பண்பாடு என்று எழுதும்போது எவ்வளவைக் கழித்துவிட்டு எழுதுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.